ஒரு கார்ட் ரீடர், இரண்டு டிரைவர்: லினக்ஸில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழற்றுவது?

"அண்ணே, ரீடர்ல லைட் எரியுது. ஆனா கம்ப்யூட்டர் கார்டே இல்லைங்குது."

போன மாதம் மட்டும் இதே புகார் மூன்று பேரிடமிருந்து ஹட்டனில் உள்ள என் கடைக்கு வந்தது. ஒருவர் தலவாக்கலைத் தம்பி. வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை செய்கிறார், தன் கையொப்பச் சாவியை ஓபன்பிஜிபி கார்டில் வைத்திருக்கிறார். அடுத்தவர் பதுளைப் பக்கம் ஒரு பாடசாலை நூலகத்தைப் பார்க்கும் மிஸ். பிள்ளைகளின் அட்டையை ஏசிஆர்122யூ என்ற, செருகாமலே படிக்கும் என்எஃப்சி ரீடரில் காட்டித்தான் புத்தகம் கொடுக்கிறார். மூன்றாமவர் எங்கள் கடைவீதியிலேயே கணக்கு அலுவலகம் நடத்தும் அண்ணன், ஆவணங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறவர். மூன்று பேருக்கும் காய்ச்சல் ஒன்றுதான், நோய் வேறு வேறு. அதனால் மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது.

"எந்த டிரைவர் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். உங்கள் ரீடரை யார் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே இங்கே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

## சண்டை எங்கே நடக்கிறது

லயத்துப் பைப்படியில் ஒரு குடம் நிறையும்போது இன்னொரு குடத்தை வைக்க முடியாது. யூஎஸ்பி கார்ட் ரீடரும் அப்படித்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிரல்தான் அதைப் பிடிக்க முடியும். வரிசையில் நிற்கக்கூடியவர்கள் நான்கு பேர்.

முதலாவது பிசிஎஸ்சிடி. பின்னணியில் ஓடும் இந்தச் சேவை ரீடரைத் தான் பிடித்துக்கொண்டு, கேட்கிற எல்லா நிரல்களுக்கும் முறை வைத்துக் கொடுக்கும். ரீடரோடு நேரடியாகப் பேச அதற்கு ஒரு டிரைவர் தேவை. பெரும்பாலும் அது லுடோவிக் ரூசோ பல வருடங்களாகப் பராமரித்து வரும் லிப்சிசிஐடி. சிசிஐடி என்பது யூஎஸ்பி கார்ட் ரீடர்களுக்கான பொதுத் தரம். அதை ஒழுங்காகப் பின்பற்றி, டிரைவரின் பட்டியலிலும் இருக்கும் ரீடர் எந்த நிறுவனத்துடையதானாலும் இந்த ஒரே டிரைவரில் ஓடும்.

இரண்டாவது, ரீடர் நிறுவனம் தரும் சொந்த டிரைவர். இதுவும் பிசிஎஸ்சிடிக்குக் கீழேதான் உட்காரும். மூன்றாவது, கையொப்பமும் மறைகுறியாக்கமும் செய்யும் குனூபிஜி நிரலின் கார்ட் பகுதியான எஸ்சிடீமன். இதற்குள்ளேயே தனியாக ஒரு சிசிஐடி டிரைவர் இருக்கிறது, பிசிஎஸ்சிடியை அது கேட்பதே இல்லை. நான்காவது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல். என்எஃப்சி ரீடர் என்று கண்டால் தன் மாட்யூலை (உள் டிரைவரை) ஏற்றிப் பிடித்துக்கொள்ளும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் ஐந்து கேள்வி கேட்பேன். வேலை முழுதாக நடக்கிறதா: கார்ட் தெரிந்தால் மட்டும் போதாது, கையொப்பமும் விழ வேண்டும். எத்தனை நிரல்கள் இதே ரீடரைக் கேட்கும்? அடுத்த அப்டேட்டுக்குப் பிறகும் தாக்குப்பிடிக்குமா? பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாமா?

ஐந்தாவது எங்கள் பக்கத்துக்கே உரிய கேள்வி: நான் இல்லாதபோது இன்னொருவர் சரிசெய்ய முடியுமா? கொழும்பில் என்றால் யாரையாவது கூப்பிடலாம். பதுளையில் ஒரு பாடசாலைக் கம்ப்யூட்டர் நின்றுபோனால் ஹட்டனிலிருந்து போய்வர எனக்கு ஒரு முழு நாள் போய்விடும். ஃபோனில் சொல்லிக்கொடுத்துச் சரிசெய்ய முடியாத வழி, எவ்வளவு அழகாக ஓடினாலும், எனக்கு இரண்டாம் பட்சம்தான்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | எத்தனை நிரலுக்கு | அப்டேட் வந்தால் | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| பிசிஎஸ்சிடி, லிப்சிசிஐடி மட்டும் | பல | பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும் | கிட்டத்தட்ட எல்லோருக்கும் |
| நிறுவன டிரைவர் | பல | உடையலாம் | பழைய ரீடர், விசேஷ வசதி |
| குனூபிஜியின் சொந்த டிரைவர் | ஒன்றே ஒன்று | தாக்குப்பிடிக்கும், பிசிஎஸ்சிடி மறுபடி நுழையாதவரை | சாவிக் கார்ட் மட்டும் வைத்திருப்பவர் |
| கர்னல் மாட்யூல் | என்எஃப்சி நிரல்கள் மட்டும் | தாக்குப்பிடிக்கும் | அதற்கென்றே நிரல் எழுதுபவர் |

## கழற்றுவதற்கு முன் ஒரு பார்வை

யார் பிடித்திருக்கிறார் என்று தெரியாமல் எதையும் அழிக்க வேண்டாம். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையோடு ஹைபனும் சின்ன டியும் சேர்த்து ஓட்டுங்கள். சாதனங்கள் மரக்கிளை போல வரும். ஒவ்வொரு வரியிலும் 'டிரைவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். 'யூஎஸ்பிஎஃப்எஸ்' என்றால் ஏதோ ஒரு சாதாரண நிரல் பிடித்திருக்கிறது. 'பிஎன்533' என்று தொடங்கினால் கர்னல். பெயரே இல்லையென்றால் அந்த நிமிடத்தில் யாரும் பிடிக்கவில்லை.

'அந்த நிமிடத்தில்' என்பதைக் கவனியுங்கள். இப்போதைய லினக்ஸ்களில் பிசிஎஸ்சிடி யாராவது கேட்கும்போதுதான் எழும்பும், 60 விநாடி வேலை இல்லாவிட்டால் தானே படுத்துவிடும். ஆகவே இன்னொரு ஜன்னலில் பிசிஎஸ்சி ஸ்கேன் நிரலை ஓடவிட்டுக்கொண்டு பாருங்கள். பிடித்திருப்பது பிசிஎஸ்சிடியா எஸ்சிடீமனா என்ற சந்தேகம் வந்தால், ஃபியூசர் கட்டளைக்கு அந்த யூஎஸ்பி சாதனக் கோப்பைக் கொடுத்தால் நிரலின் எண் கிடைக்கும்.

பிசிஎஸ்சிடியை முன்னணியில், டீபக் (பிழை தேடும்) நிலையில் ஓட்டினால் இன்னும் தெளிவு. 'கான்ட் க்ளெய்ம் இன்டர்ஃபேஸ்' என்றும் வரியின் கடைசியில் 'எரர் பிஸி' என்றும் வந்தால், வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்று அர்த்தம். அந்த வரி வராவிட்டால் நீங்கள் தேடுவது டிரைவர் சண்டையே அல்ல. வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே வந்து முயன்றால் போல்கிட் என்ற அனுமதிச் சேவை மறுத்துவிடும், அது வேறு கதை. மழை மாதங்களில் ரீடரின் உள்முட்களில் படியும் பிசுக்கும் வேறு கதை. கார்டின் பொன்னிறத் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் பக்கமே திரும்புவேன். சிரிக்க வேண்டாம், நாலு தரம் பலித்திருக்கிறது.

## வழி 1: பிசிஎஸ்சிடியும் லிப்சிசிஐடியும் மட்டும்

கணக்கு அலுவலக அண்ணனுக்குச் செய்தது இதுதான். கார்டோடு கிடைத்த இன்ஸ்டாலரை அவருடைய மருமகன் ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லோடு ஓட்டியிருக்கிறார். அது பிசிஎஸ்சி டிரைவர் கோப்பகத்துக்குள் தன் மூட்டை ஒன்றை வைத்துவிட்டது. ஏற்கெனவே லிப்சிசிஐடியின் மூட்டையும் அங்கே இருந்தது. இரண்டு பட்டியலிலும் அதே ரீடர்.

டெபியன், உபுன்டு வகையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. அந்தக் கோப்பகத்திலுள்ள ஒவ்வொரு மூட்டைக்கும் சொந்தக்காரன் யார் என்று பொதிகளைக் கவனிக்கும் டிபிகேஜியிடம் பெரிய எஸ் போட்டுக் கேளுங்கள். லிப்சிசிஐடிக்குப் பொதியின் பெயர் வரும். அநாதையாக ஏதாவது நின்றால் அது ஏதோ இன்ஸ்டாலர் கொண்டுவந்து போட்டது. அழிக்காமல் வேறு கோப்பகத்துக்கு நகர்த்திவிட்டு பிசிஎஸ்சிடியை மறுபடி தொடங்கினால் போதும். சரிவராவிட்டால் பழையபடி கொண்டுவந்து வைக்கலாம்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரீடர் டிரைவர் வேறு, கார்ட் நூலகம் (நிரல்கள் பயன்படுத்தும் லைப்ரரி) வேறு. ரீடர் டிரைவர் பெட்டியோடு பேசும். பெட்டிக்குள் செருகிய கார்டோடு பேசுவது பிகேசிஎஸ்11 நூலகம். உலாவியிலும் பிடிஎஃப் நிரலிலும் நீங்கள் காட்டிக்கொடுக்கும் கோப்பு அதுதான். ஓபன்எஸ்சி என்ற திறந்தமூலத் திட்டம் பல கார்ட்களுக்கு அந்த நூலகத்தைத் தருகிறது, எல்லாவற்றுக்கும் அல்ல. அண்ணனின் கார்டை ஓபன்எஸ்சிக்குத் தெரியவில்லை. "டிரைவரைக் கழற்று" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மருமகன் இரண்டையும் சேர்த்து அழித்ததால்தான் ரீடர் தெரிந்தும் கையொப்பம் விழாமல் போனது. நிறுவனத்தின் கார்ட் நூலகத்தை மட்டும் திரும்பப் போட்டோம், ரீடர் டிரைவர் வெளியே கிடக்கிறது. அண்ணனும் மருமகனும் இப்போது சமாதானம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு குனூபிஜி பயன்படுத்துகிறவருக்கு வரும். 2021இல் வந்த 2.3 பதிப்புக்கு முன்பு, எஸ்சிடீமன் தன் சொந்த டிரைவரால் ரீடரைப் பிடிக்க முடியாவிட்டால் சத்தமில்லாமல் பிசிஎஸ்சிடியிடம் போய்விடும். 2.3க்குப் பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. பிடிக்க முடியாவிட்டால் 'நோ சச் டிவைஸ்' என்று சொல்லிக் கையை விரித்துவிடும். உபுன்டு 22.04இல் இருந்தது 2.2.27, 24.04இல் வருவது 2.4.4. தலவாக்கலைத் தம்பி ஒரு ராத்திரி அப்டேட் போட்டுவிட்டுப் படுத்தார், விடிந்து எழும்பினால் கார்ட் இல்லை. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, விதிதான் மாறியிருந்தது.

அவருக்கு மருந்து ஒரே வரி. வீட்டுக் கோப்பகத்திலுள்ள குனூபிஜி அடைவில் எஸ்சிடீமன்.கான்ஃப் என்று ஒரு கோப்பு உருவாக்கி, 'டிஸேபிள்-சிசிஐடி' என்று எழுதி, எஸ்சிடீமனைக் கொன்றுவிட்டு மறுபடி முயல வேண்டும். இணையத்தில் இதோடு 'பிசிஎஸ்சி-ஷேர்ட்' வரியையும் சேர்க்கச் சொல்வார்கள். தேவைப்படாமல் சேர்க்க வேண்டாம். கார்ட் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நம்பித்தான் எஸ்சிடீமன் சில தகவல்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. இடையில் இன்னொரு நிரல் புகுந்தால் அந்த நினைவு பொய்யாகிவிடும். குனூபிஜியின் சொந்தக் கையேடே இதை ஆபத்தான தெரிவு என்றுதான் சொல்கிறது.

## வழி 2: நிறுவனத்தின் சொந்த டிரைவர்

எனக்கு இதில் பெரிய பிரியம் இல்லை. ஆனாலும் இதுவே சரியாக வரும் இடங்கள் உண்டு. பழைய ஏசிஆர்38 வகை ரீடர்களில் சில சிசிஐடி தரத்தையே பேசாது. அவற்றுக்குத் தனி டிரைவர் இல்லாமல் வழியில்லை. ரீடரின் ஏதோ ஒரு விசேஷ வசதி பொது டிரைவரில் வேலை செய்யாமல், நிறுவனத்தினுடையதில் மட்டும் செய்கிறது என்று நீங்களே பரிசோதித்துப் பார்த்துவிட்டாலும் சரி. ஏசிஆர் ரீடர்களைச் செய்யும் ஏசிஎஸ் நிறுவனத்தின் டிரைவர் டெபியன் களஞ்சியத்திலேயே லிப்ஏசிஎஸ்சிசிஐடி என்ற பெயரில் இருக்கிறது. அதுவும் ரூசோவின் டிரைவரிலிருந்து கிளைத்ததுதான். இப்படிக் களஞ்சியத்தில் இருப்பதை ஏற்றுவதும், எங்கிருந்தோ இறக்கிய ஜிப் கோப்பை ரூட்டாக ஓட்டுவதும் ஒன்றல்ல.

இந்த வழியில் போனால் பொது டிரைவரின் பட்டியலிலிருந்து உங்கள் ரீடரை எடுத்துவிடுவது நல்லது. இரண்டில் எது முந்தும் என்பதை அதிர்ஷ்டத்துக்கு விடக்கூடாது. லிப்சிசிஐடியின் இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில் மூன்று நீண்ட பட்டியல்கள் இருக்கும்: நிறுவன எண்கள், தயாரிப்பு எண்கள், பெயர்கள். மூன்றும் இடத்தை வைத்துத்தான் பொருந்துகின்றன. முதல் பட்டியலில் நூறாவது இடத்திலுள்ள எண்ணுக்கு மற்ற இரண்டிலும் நூறாவது இடம்தான் ஜோடி. ஒன்றில் அழித்து மற்றதில் மறந்தீர்களோ, அதற்குக் கீழேயுள்ள ஒவ்வொரு ரீடரும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு முறை நானே இதைச் செய்துவிட்டு, வாடிக்கையாளரின் ரீடருக்கு ஏன் சம்பந்தமில்லாத பெயர் வருகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க மண்டையைச் சொறிந்தேன்.

மறைமுகச் செலவு இன்னும் இரண்டு. டெபியனில் அந்தக் கோப்பு அமைப்புக் கோப்பாகக் கணக்கிடப்படுகிறது. லிப்சிசிஐடி அப்டேட் ஆகும்போது, நீங்கள் மாற்றியதை வைத்துக்கொள்வதா, புதியதைப் போடுவதா என்று கேட்கும். புதியது என்றால் பழைய சண்டை திரும்பும். உங்களுடையது என்றால் புதிதாகச் சேர்க்கப்பட்ட ரீடர்கள் பட்டியலுக்கு வராது. அடுத்தது, நிறுவனங்கள் தரும் தயார்நிலைக் கோப்புகள் பல இன்டெல் வகைக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே. பாடசாலையில் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருந்தால் அவை அங்கே ஓடாது.

## வழி 3: குனூபிஜியிடமே விட்டுவிடுவது

தலவாக்கலைத் தம்பி முதலில் இதைத்தான் யோசித்தார். ஓபன்பிஜிபி கார்ட் ஒன்று, அதைக் கேட்பது குனூபிஜி ஒன்றே. அப்படியானால் இடையில் பிசிஎஸ்சிடி எதற்கு? நியாயமான கேள்விதான். ஒரே கம்ப்யூட்டர், ஒரே கார்ட், ஒரே வேலை என்றால் இதைவிட எளிமையான அமைப்பு இல்லை. எதையும் எழுதாமலேயே ஓடும்.

ஆனால் பிசிஎஸ்சிடியை நிறுத்தினேன் என்பார்கள், அது நின்றிருக்காது. சேவையை நிறுத்தினால் சேவை மட்டும்தான் நிற்கும். அதன் சாக்கெட் (நிரல்கள் வந்து தட்டும் வாசல்) விழித்துக்கொண்டிருக்கும். எந்த நிரலாவது தட்டினால் போதும், சேவையைத் திரும்ப எழுப்பிவிடும். சாக்கெட்டையும் சேவையையும் இரண்டையும் மாஸ்க் செய்ய (எழும்பவே முடியாதபடி பூட்ட) வேண்டும், அல்லது பொதியையே நீக்க வேண்டும். நீக்கினாலும் நாளை ஓபன்எஸ்சி போன்ற எதையாவது ஏற்றும்போது கூடவே வந்து உட்கார்ந்துவிடும். சாதனங்களுக்கு அனுமதி கொடுக்கும் யூடெவ் விதியையும் பார்க்க வேண்டும். எஸ்சிடீமனின் விதிப் பட்டியலில் இல்லாத ரீடர் என்றால் ரூட்டுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

தம்பிக்கு நான் வழி 1ஐயே சொன்னேன். "பின்னால உலாவியில கார்டால லொகின் பண்ண வேண்டி வந்தா?" என்று கேட்டதும் அவரே தலையாட்டிவிட்டார்.

## வழி 4: என்எஃப்சி ரீடரும் கர்னலும்

நூலக மிஸ்ஸின் கதை இது. ஏசிஆர்122யூவைச் செருகியதும் கர்னல் பிஎன்533 மாட்யூலை ஏற்றிப் பிடித்துவிடுகிறது. நூலக நிரலோ பிசிஎஸ்சிடி வழியாகக் கேட்கிறது, அதற்கு ரீடர் தெரியாது. கர்னலின் என்எஃப்சி அடுக்குக்கென்றே எழுதிய நிரல் இருந்தால் மட்டும் இதை அப்படியே விடுங்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மற்றவர்கள், கர்னல் மாட்யூல்களுக்கான மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பகத்தில் ஒரு கோப்பு வைத்து அந்த மாட்யூலைத் தடுப்புப் பட்டியலில் போட வேண்டும். பழைய கர்னல்களில் பெயர் பிஎன்533 மட்டும், பிறகு யூஎஸ்பி பகுதி தனிப் பெயராகப் பிரிந்தது. இரண்டையும் எழுதிவிடுங்கள். இப்போது ஏறியிருப்பதை இறக்கிவிட்டு ரீடரைக் கழற்றிச் செருகினால் சரி. மிஸ்ஸுக்கு இதை வாட்ஸ்அப்பில் எழுத்துக் கூட்டிச் சொன்னேன், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வகைச் சண்டைதான் தீர்க்க மிக எளிது. ஆனால் காரணம் தெரியாமல் ரீடர் பழுது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

## ஓபன்சிடி

பழைய வழிகாட்டிகளில் இந்தப் பெயர் வரும். ரீடர் டிரைவர்களுக்காக எழுதி, பிறகு கைவிடப்பட்ட பழைய திட்டம். கம்ப்யூட்டரில் இருந்தால் நீக்குங்கள், வேறு யோசனை வேண்டாம்.

## இரண்டாவது ரீடர் வாங்கிவிட்டால்?

சில நேரம் இதுதான் மலிவு. கையொப்பக் கார்டுக்கு நிறுவன டிரைவர் கட்டாயம், பக்கத்திலேயே ஓபன்பிஜிபி கார்டும் தினமும் தேவை என்றால் ஆளுக்கொரு ரீடர் கொடுப்பதில் தப்பில்லை. ரூசோவின் சிசிஐடி பக்கத்தில் எந்த ரீடர் நன்றாக ஓடும், எது ஓடாது என்று வகை பிரித்துப் பட்டியல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். கொழும்பில் போய்ப் பார்த்து வாங்குவதானால் அவிசாவளைப் பாதையில் பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போகும். பார்சலில் வந்தது பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில்.

வாங்கிய பிறகும் ஒரு சிக்கல் மிச்சம். பிசிஎஸ்சிடி ரீடரின் பெயருக்குப் பின்னால், கண்ட வரிசைப்படி 00, 01 என்று எண் போடும். குனூபிஜிக்கு எந்த ரீடர் என்பதை எஸ்சிடீமன்.கான்ஃப் கோப்பில் 'ரீடர்-போர்ட்' வரியில் பெயரோடு சொல்ல வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு ரீடர்களை மாற்றி வரிசையில் செருகினால் எண்ணும் மாறிவிடும், அந்த வரியோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். கணக்கு அலுவலக அண்ணன் பிறகு இன்னொரு ரீடர் வாங்கினார். அதில் நீலப் பட்டி ஒட்டி, மேசை விளிம்பில் எழுதி வைத்திருக்கிறார்: நீலம் முதலில்.